வார்த்த குண்டுக்கு வாய்த்த கருவி



1857 என்று ஆண்டைச் சொன்னால் போதும், மீதியை நம் பள்ளிப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். என்ஃபீல்டு துப்பாக்கி, கொழுப்பு தடவிய தோட்டா, பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டிய காகித உறை, பசுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்ற சந்தேகம், மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே, மே 10 அன்று மீரட். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கொழுப்பு அங்கே எதற்காக இருந்தது? தோட்டாவுக்குப் போய் எவனாவது கொழுப்பு தடவுவானா? கும்பினிக்காரன் கணக்குப் பார்க்கத் தெரியாதவனா? காரணமில்லாமல் செலவு செய்வானா?

காரணம் இருந்தது. கரிமருந்து எரிந்தால் குழலுக்குள் கெட்டியான கசடு படியும். மசகு இல்லாவிட்டால் சில குண்டுகள் சுட்டதும் அடுத்த குண்டு உள்ளே இறங்காது. என்ஃபீல்டின் குழல் விட்டம் அங்குலத்தில் .577. அதில் இறங்க வேண்டிய குண்டு முதலில் .568 இருந்தது. கசடு படிந்த குழலில் அது திணறியது. பிறகு .55 ஆகக் குறைத்தார்கள். கொழுப்பின் விஷயத்திலும் அரசு இறங்கிவந்தது: 1857 ஜனவரி கடைசியிலேயே, சிப்பாய்கள் தங்களுக்குப் பிடித்த மசகைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று கர்னல் பர்ச் உத்தரவு போட்டார். ஆனால் அதற்குள் நம்பிக்கை போய்விட்டிருந்தது.

குண்டு எவ்வளவு பருமன் இருக்க வேண்டும்? அதற்கு எந்த மசகைத் தடவ வேண்டும்? ஒரு காலத்தில் ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிவைத்த அதே இரண்டு கேள்விகளைத்தான், இன்று அமெரிக்காவின் வீட்டுக் கொட்டகைகளில், கார் நிறுத்துமிடத்து மேசைகளில், ஓய்வுபெற்ற தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் விவசாயியும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் ஈயக் குண்டு வார்ப்பவர், அதை அளவுபடுத்தவும் அதற்கு மசகிடவும் எந்தக் கருவியை வாங்க வேண்டும்? இன்றைய பேச்சின் பொருள் அதுதான்.

‘நமக்கெதற்கு இந்தப் பேச்சு?’ என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழலாம். நியாயமான முணுமுணுப்பு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விற்பனைக்குத் தோட்டா செய்பவரிடம்தான் உரிமம் கேட்கிறது. சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்பவரிடம் கேட்பதில்லை. மாநிலச் சட்டங்கள் தனி. அதனால்தான் அங்கே இது ஒரு பொழுதுபோக்காகவும், சிக்கனமாகவும், நூற்றாண்டு தாண்டிய ஒரு கைத்தொழிலாகவும் நிலைத்திருக்கிறது. ஒரு கைத்தொழில் எங்கே நடந்தால் என்ன, அதில் கருவியைத் தேர்ந்தெடுக்கும் புத்தி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில் நமக்கும் லாபம் உண்டு.

இந்தக் கைத்தொழிலுக்கு ஒரு மூதாதை உண்டு. ஜான் பார்லோ என்று பெயர். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் 1884இல் ஐடியல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். குண்டு வார்க்கும் அச்சுகள், தோட்டா நிரப்பும் கைக்கருவிகள், மசகிடும் கருவிகள் என்று ஒவ்வொன்றாகச் செய்து விற்றார். கருவியை மட்டும் விற்றாரா? இல்லை. அதைப் பயன்படுத்தும் வித்தையைச் சொல்லும் கையேட்டையும் அச்சிட்டுப் பரப்பினார். 1925இல் அந்த ஐடியல் பெயர் லைமன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இன்றைக்கும் லைமன் அச்சுகளின் எண்ணைப் பார்த்தால் பழைய ஐடியல் முறை தெரியும். 429421 என்றால் முதல் மூன்று இலக்கம் அங்குலத்தில் குண்டின் பருமன், பிந்திய மூன்று வடிவத்தின் எண்.

அந்த 429421 யாருடையது? ஐடஹோ மாநிலத்துக் கால்நடைக்காரரும் எழுத்தாளருமான எல்மர் கீத் வடிவமைத்தது. வேட்டைக்குக் கொண்டுபோகும் கைத்துப்பாக்கியில் வார்த்த குண்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். அந்தக் குண்டில் அவர் அழுத்திக் கேட்டது ஒரு விஷயம்: மசகுப் பள்ளம் ஆழமாகவும், ஓரங்கள் சதுரமாகவும் இருக்க வேண்டும். ஏன்? நிறைய மசகு பிடிக்கும் என்பதால். 1955இல் .44 மேக்னம் என்ற பெருந்தோட்டா சந்தைக்கு வந்ததற்குப் பின்னால் இருந்த முக்கியமான குரல் அவருடையது. அவ்வளவு வேகத்திலும் ஈயக் குண்டு குழலில் ஈயம் படியவிடாமல் போகும் என்று அவர் வாதாடியதன் அடியில் இருந்தது, அந்தச் சின்னப் பள்ளமும் அதில் அடைத்த மெழுகும்.

சரி, அளவுபடுத்துவது எதற்கு? அச்சில் இருந்து விழுந்த குண்டு அப்படியே போகக் கூடாதா? சில நேரம் போகலாம். ஆனால் அச்சு சூடாகும்போது விரியும், ஈயம் ஆறும்போது சுருங்கும், கலவை மாறினால் சுருக்கமும் மாறும், அச்சின் இரு பாதியும் சேரும் கோட்டில் குண்டு ஒரு துளி நீள்வட்டமாகிவிடும். அதனால் காலையில் வார்த்ததும் மாலையில் வார்த்ததும் ஒன்றுபோல் இருக்காது. அதை டை என்னும் எஃகு வளையத்துக்குள் தள்ளி ஒரே பருமனுக்குக் கொண்டுவருவதுதான் அளவுபடுத்துதல்.

இங்கேதான் புதியவர்கள் பலர் சறுக்குகிறார்கள். குழலில் ஈயம் படிகிறது. உடனே என்ன நினைக்கிறார்கள்? குண்டு பெருத்துவிட்டது, இன்னும் இளைக்க வைப்போம் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பெரும்பாலும் குண்டு சிறுத்திருப்பதால்தான் ஈயம் படிகிறது. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், பின்னாலிருந்து வரும் கொதிக்கும் வாயு அந்த இடைவெளியில் புகுந்து, குண்டின் ஓரத்தை அரித்து, அந்த ஈயத்தைக் குழலின் சுவரில் பூசிவிடுகிறது. வார்ப்பவர்களிடையே நிலைத்த விதி இது: குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய வரிப்பள்ளங்களின் விட்டத்தைவிடக் குண்டு ஒன்று அல்லது இரண்டு தௌ பெரிதாக இருக்க வேண்டும். தௌ என்றால் நம் லேத் பட்டறைகளில் சொல்கிற அதே தௌதான், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செப்பு உறை போட்ட 9 மில்லிமீட்டர் குண்டு .355 என்றால், வார்த்த ஈயக் குண்டு .356, .357, சில துப்பாக்கிகளில் .358 வரை கேட்கும். .38 ஸ்பெஷலுக்கு வழக்கமாக .358. .45 ஆட்டோவுக்கு .452.

வழக்கமாக என்று சொன்னேன், கவனிக்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சடித்த எண் வழக்கம். உங்கள் கையில் இருக்கும் துப்பாக்கி வழக்கத்தைப் படித்துவிட்டுப் பிறக்கவில்லை. ஆகவே முதலில் வாங்க வேண்டிய கருவி எது? அளவு டையா? மசகு எந்திரமா? இரண்டும் இல்லை. மைக்ரோமீட்டர்! பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் நல்ல மைக்ரோமீட்டர். வெர்னியர் காலிபரை நம்பி ஒரு தௌவைத் தேடுவது வீண்.

அளப்பது எப்படி? தோட்டா எதுவும் இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்த துப்பாக்கியின் குழலுக்கு எண்ணெய் விட்டு, குழலைவிடச் சற்றே பெரிய, கலப்பில்லாத மெதுவான ஈயத் துண்டு ஒன்றை ஒரு முனையில் வைத்து, மரக் குச்சியால் தட்டித் தட்டி மறுமுனை வரை தள்ளுவார்கள். வெளியே வரும் துண்டின் மேல் குழலின் மேடும் பள்ளமும் அப்படியே பதிந்திருக்கும். குழலின் பள்ளம் துண்டில் மேடாக வரும். அந்த மேட்டுக்கு மேடு அளந்தால் வரிப்பள்ள விட்டம் கிடைத்துவிடும். ஒரு சின்னத் தொல்லை: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் வரிப்பள்ளம் ஐந்து. ஐந்து என்றால் ஒரு மேட்டுக்கு நேர் எதிரே இன்னொரு மேடு இருக்காது, பள்ளம்தான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டர் அங்கே பொய் சொல்லும். அதற்கு வி வடிவ அடித்தாங்கி வைத்த தனி மைக்ரோமீட்டர் வேண்டும்.

ரிவால்வர் என்றால் இன்னொரு அளவும் உண்டு, அதுதான் பலரும் விட்டுவிடுவது. குண்டு குழலுக்குள் போகும் முன்பு, தோட்டா உட்காரும் சிலிண்டரின் வாய் வழியே போக வேண்டும் அல்லவா? அந்த வாய் .450 ஆகவும் குழல் .452 ஆகவும் இருந்தால் என்ன ஆகும்? நீங்கள் .453க்கு அருமையாக அளவுபடுத்திய குண்டை, சிலிண்டரே மறுபடி .450க்கு இளைக்க வைத்துத்தான் அனுப்பும். எத்தனை விலை உயர்ந்த மசகு எந்திரம் வாங்கினாலும் அந்தக் குறை தீராது. துப்பாக்கிப் பணிமனையில் சிலிண்டர் வாயைப் பெரிதாக்கினால்தான் தீரும்.

அளந்தாயிற்று. இப்போது கருவிக்கு வருவோம்.

பழைய தலைமுறையின் ராஜா, மசகிடுவதையும் அளவுபடுத்துவதையும் ஒரே இழுப்பில் செய்யும் எந்திரம். லைமன் 45, 450, 4500 என்று அதன் வம்சம் நீளும். கலிஃபோர்னியாவின் ஓரோவில் நகரில் பிரெட் ஹண்டிங்டன் தொடங்கிய ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் லூப்-ஏ-மேட்டிக் அதன் பங்காளி. லைமன் டையை ஆர்சிபிஎஸ்ஸில் போடலாம், ஆர்சிபிஎஸ் டையை லைமனில் போடலாம். போட்டி நிறுவனங்கள் இப்படி ஒத்துப்போவது வாங்குகிறவருக்குப் பெரிய உபகாரம்.

இந்த எந்திரத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு உடல். நடுவில் டை. டையின் சுவரில் வரிசையாகச் சின்னத் துளைகள். பின்னால் ஒரு குழாய், அதற்குள் மெழுகுக் குச்சி. அந்தக் குழாயின் வேலை நம் வீட்டு முறுக்கு அச்சின் வேலைதான்: மேலே திருகைத் திருகினால் உள்ளே மெழுகு அழுந்தும், வழி கிடைக்கும் இடத்தில் பிதுங்கும். வார்ப்பவர் குண்டை அடிப்பக்கம் கீழாக டையின் வாயில் வைக்கிறார். கைப்பிடியை இழுக்கிறார். மேலிருந்து ஒரு தலைக்கட்டை இறங்கி, குண்டின் மூக்கை அழுத்தி, டைக்குள் தள்ளுகிறது. பருமன் சரியாகிறது. குண்டின் பள்ளம் துளைக்கு நேராக நிற்கும் நொடியில் மெழுகு உள்ளே பாய்கிறது. கைப்பிடியை மேலே தூக்கினால் குண்டு, பள்ளத்தில் வளையம் போட்டதுபோல் மெழுகோடு மேலே வருகிறது. பார்க்க அழகு. சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த அழகுக்குக் கட்ட வேண்டிய வரி எவ்வளவு தெரியுமா? ஒவ்வொரு பருமனுக்கும் ஒரு டை. ஒவ்வொரு மூக்கு வடிவத்துக்கும் ஒரு தலைக்கட்டை. உருண்டை மூக்குக்குச் செய்த கட்டையைத் தட்டை மூக்குக் குண்டின் மேல் இறக்கினால் மூக்கில் வளையத் தழும்பு விழும். கட்டை நடுவில் உட்காரவில்லை என்றால் குண்டு சாய்ந்து உள்ளே போய், ஒரு பக்கம் மட்டும் ஈயம் சீவப்படும். பழைய டைகளில் வாயில் கூரான படி ஒன்று இருந்தது, அது இந்தச் சீவலை இன்னும் கூட்டியது. புதியவை சரிவாக வருவதால் இளக்கமாக அழுத்துகின்றன. ஆழத்தைச் சரியாக வைக்கவில்லை என்றால் மெழுகு பள்ளத்துக்குப் போகாமல் குண்டின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அடியில் மெழுகோடு தோட்டாவில் பொருத்தினால், அது வெடிமருந்தைத் தொட்டுக் கெடுக்கும். கெட்டியான மெழுகு என்றால் எந்திரத்துக்கு அடியில் சூடாக்கி வேண்டும். குளிர்காலத்து மிச்சிகனில் சூடாக்கி இல்லாமல் திருகைத் திருகிப் பார்த்தவருக்குத் தோள்பட்டை சொல்லும்.

இதே குலத்தில் ஸ்டார் என்று ஒன்று உண்டு. சான் டியேகோவில் பிறந்தது. பின்னாளில் மேக்மா எஞ்சினீயரிங் அதைத் தொடர்ந்து செய்தது. இதில் குண்டு மூக்கு முன்னால் போகும், அடுத்த குண்டு அதைக் கீழே தள்ளிவிடும். திரும்ப மேலே இழுக்கும் வேலையே இல்லை. நாளுக்கு ஆயிரக்கணக்கில் செய்கிறவருக்குச் சொர்க்கம். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் எந்தத் துளை திறந்திருக்க வேண்டும், எதை ஈய ரவை வைத்து அடைக்க வேண்டும் என்று டையோடு மல்லுக்கட்ட வேண்டும். வாரத்துக்கு ஐம்பது குண்டு சுடுகிறவருக்கு இது எதற்கு? யாராவது மரபுரிமையாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

எந்திரம் மட்டும் போதுமா? அதில் என்ன மெழுகு? பழங்காலத்தில் ஒவ்வொரு வார்ப்பவரும் ஒரு வைத்தியர். தேன்மெழுகு, ஆட்டுக் கொழுப்பு, விளக்கெண்ணெய், கிராஃபைட் பொடி என்று ஆளுக்கொரு லேகியம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கன் ரைஃபிள்மேன் இதழைச் சேர்ந்த ஈ. எச். ஹாரிசன் இந்த லேகியக் கடைக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். பல கலவைகளைச் சோதித்து, பாதி தேன்மெழுகு, பாதி ஆலாக்ஸ் என்ற எளிய கலவையை நிறுத்தினார். ஆலாக்ஸ் என்பது துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்குப் பூசும் சரக்கு வகை. அந்த இதழை நடத்தும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் பெயரால், என்ஆர்ஏ கலவை என்று அது இன்றும் குச்சிகளாக விற்கிறது. என்ஃபீல்டுக்குத் தடவிய தேன்மெழுகும் மோட்டார் யுகத்துத் துருத்தடுப்பும் ஒரே குச்சியில் கைகோத்து நிற்கின்றன!

இப்போது மறுகட்சிக்கு வருவோம். விஸ்கான்சின் மாநிலத்து ஹார்ட்ஃபர்டில் ரிச்சர்ட் லீ என்ற மனிதர் ஒரு கொள்கை வைத்திருந்தார்: ஏழைக்கும் கட்டுப்படியாக வேண்டும். அவருடைய நிறுவனம் கொண்டுவந்த தள்ளு டை, இருக்கிற கருவிகளிலேயே எளியது. தோட்டா நிரப்புகிறவர் ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே ஒரு பிரஸ் இருக்கும். அதன் உச்சியில் இந்த டையைத் திருகி மாட்டுகிறார். கீழே, பிரஸின் ஏறி இறங்கும் தண்டான ராமில், ஒரு தட்டையான தள்ளுகோல். குண்டை அதன் மேல் மூக்கு வானம் பார்க்க நிற்க வைக்கிறார். கைப்பிடியை அழுத்தினால் குண்டு டைக்குள் ஏறி, முன்னால் ஏறிய குண்டை மேலே தள்ளிவிட்டு நிற்கிறது. மேலே ஒரு சின்ன டப்பா. டொக், டொக் என்று அதில் குண்டுகள் சேர்கின்றன. அவ்வளவுதான்.

தலைக்கட்டை உண்டா? இல்லை. மூக்கை எதுவும் தொடுகிறதா? இல்லை. சாய்கிறதா? அடிப்பக்கம் முழுவதும் தட்டைக் கோலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சாய இடம் குறைவு. அதிவேகக் குண்டுகளின் அடியில் மாட்டும் வாயுத் தடுப்புச் செப்புக் கிண்ணி உண்டே, அதையும் இதே இழுப்பில் அழுத்திப் பொருத்திவிடலாம். விலை? பெரிய எந்திரத்தின் விலையில் ஒரு சிறு பங்கு. டை .356 ஆக வந்து உங்களுக்கு .357 வேண்டும் என்றால், பிளந்த மரக் குச்சியில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றி, துரப்பணத்தில் மாட்டி, பொறுமையாகத் தேய்த்துப் பெரிதாக்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். தேய்ப்பதும் அளப்பதும், தேய்ப்பதும் அளப்பதும். ஒரு சுற்று அதிகமானால் டை குப்பைக்குத்தான்.

இதில் மசகு எங்கே என்று கேட்பீர்கள். மசகு தனி வேலை. லீயின் பதில், திரவ ஆலாக்ஸ். ஒரு கிண்ணத்தில் குண்டுகளைப் போட்டு, சில துளி விட்டு, குலுக்கி, மெழுகுத்தாளில் பரப்பி, ஓர் இரவு உலரவிட வேண்டும். டைக்குள் தள்ளும் முன் லேசாக ஒரு பூச்சு, தள்ளிய பின் இன்னொரு பூச்சு. பூச்சு என்றால் பழுப்பு நிறம் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். நம் ஆட்களைப்போல் அமெரிக்கரும் ‘கொஞ்சம் நல்லது என்றால் நிறைய ரொம்ப நல்லது’ என்று ஊற்றிவிடுகிறார். அப்புறம் குண்டு விரலில் ஒட்டுகிறது, டையில் ஒட்டுகிறது, சுடும்போது புகை கண்ணை மறைக்கிறது. இந்தப் பிசுபிசுப்பைக் குறைக்கத் தரை மெருகு மெழுகோடு கலந்து பூசும் வழக்கமும் பரவியது.

தட்டில் குண்டுகளை நிற்க வைத்து, உருக்கிய மெழுகைப் பள்ளங்கள் மூழ்கும் வரை ஊற்றி, ஆறியதும் அடி வெட்டிய தோட்டா உறையால் ஒவ்வொன்றாகக் குடைந்தெடுக்கும் பழைய முறையும் இருக்கிறது. எந்திரமே வேண்டாம். நேரம் மட்டும் வேண்டும். கரிமருந்து ரைஃபிளில் இருபது குண்டு சுடுகிறவருக்கு இதுவே ஏராளம்.

ஆனால் கடந்த சில ஆண்டுகளில் இந்தத் தொழிலைப் புரட்டிப் போட்டது இவை எதுவும் இல்லை. பவுடர் கோட்டிங்! ஆமாம், நம் ஊர் இரும்புக் கதவுக்கும் மோட்டார் சைக்கிள் சட்டத்துக்கும் அடிக்கிற அதே பாலியெஸ்டர் பவுடர். பிளாஸ்டிக் டப்பாவில் குண்டையும் பவுடரையும், விளையாட்டுத் துப்பாக்கியின் கறுப்புப் பிளாஸ்டிக் மணிகளையும் சேர்த்துப் போட்டுக் குலுக்கினால், உராய்வில் எழும் நிலைமின்சாரம் பவுடரைக் குண்டின் மேல் பிடித்துக்கொள்ள வைக்கிறது. எடுத்துத் தட்டில் பரப்பி, சுமார் 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் வேகவைத்தால், சிவப்பு, பச்சை, நீலம் என்று குண்டுகள் மிட்டாய் நிறத்தில் வெளியே வருகின்றன. பூச்சு பிடித்ததா என்று பார்க்க வழி எளிது: ஒரு குண்டைப் பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டையாகும் வரை அடிக்க வேண்டும். பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்தால் வேகவில்லை. ஈயத்தோடு சேர்ந்து நசுங்கினால் வெந்தது.

இந்தப் பூச்சு கருவித் தேர்வையே மாற்றிவிட்டது. எப்படி? பூச்சு குண்டின் விட்டத்தை இரண்டு தௌ போல் கூட்டிவிடுகிறது. ஆகவே பூசிய பிறகுதான் அளவுபடுத்த வேண்டும். பூசிய குண்டுக்கு மெழுகு தேவையில்லை. மெழுகே தேவையில்லை என்றால் மெழுகு எந்திரம் எதற்கு? தள்ளு டை போதும். விட்டம் கொஞ்சம் குறைவாக வார்க்கும் அச்சு வைத்திருப்பவருக்கு இது கூடுதல் வரம். அளவு டையால் பருமனைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. பவுடர் கூட்டிக் கொடுக்கிறது.

அப்படியானால் பழைய எந்திரம் பழைய இரும்புக்காரனுக்கா? அதுவும் இல்லை. கரிமருந்து சுடுகிறவருக்குக் கசடை இளக வைக்கும் மெதுவான மெழுகு வேண்டும்; பவுடர் பூச்சு அந்த வேலையைச் செய்யாது. 1873இல் பிறந்த .45-70 தோட்டாவை இன்றும் கரிமருந்தில் சுடுகிற போட்டியாளர் மெழுகைக் கைவிட மாட்டார். நூறு ஆண்டுக்கு முந்திய ரைஃபிளில் பழைய முறைப்படிதான் சுடுவேன் என்கிற ரசிகரும் கைவிட மாட்டார். அவர்களுக்கு லைமனும் ஆர்சிபிஎஸ்ஸும் சரியான துணை.

மற்ற எல்லோருக்கும் இந்தப் பேச்சாளனின் கட்சி தெளிவு. மைக்ரோமீட்டர் முதலில். குழலையும் சிலிண்டர் வாயையும் அளந்த காகிதம் இரண்டாவது. அந்த எண்ணுக்கு ஏற்ற தள்ளு டை மூன்றாவது. பணம் மிச்சமானால் அதை இன்னொரு நல்ல வார்ப்பு அச்சில் போடலாம். பளபளக்கும் எந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு, அதில் இருக்கும் டையே தங்கள் துப்பாக்கிக்குப் பொருந்தும் என்று நம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் ஈயம் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். துப்பாக்கி தயாரிப்பாளரின் கையேட்டையும் படிக்க வேண்டும்; உறையில்லாத ஈயக் குண்டு கூடாது என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு என்றால் ஈயமே கூடாது. 2013இல் இயற்றிய சட்டம் 2019 ஜூலை 1 முதல் முழுதாக நடைமுறையில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகனோ மருமகனோ நண்பரோ இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருந்தால் இதை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருக்கும்போது காற்றோட்டம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் குளிர்ந்த குண்டை அளவுபடுத்தும்போதும் கையில் ஈயம் ஒட்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு கையில் குண்டு, மறு கையில் சமோசா கூடாது. பவுடர் பூச வாங்கிய டோஸ்டர் அடுப்பு ஒருநாளும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. வேலை செய்த சட்டையைக் குழந்தையின் துணியோடு துவைக்கக் கூடாது. குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் வரம்பு வைத்திருக்கிறது. வார்ப்பவர் தன் இரத்தத்தில் ஈய அளவை மருத்துவரிடம் சொல்லி அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் குழந்தைக்கும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.